கண்மாய்க்கரை வழியே சைக்கிளில்: புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் இந்த வருஷம் நாலு பேர் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் கல்லூரிப் பெண்கள். ஒருவன் வங்கி வேலைக்குப் போகிற தம்பி. இன்னொருத்தி நாற்பது வயதில் முதல்முறையாகப் பெடலில் கால் வைக்கிறவள். "பெரியம்மா, எந்தப் பக்கம் போறது, எப்படிப் போறது?" என்று வந்து கேட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1992 வாக்கில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் பழகிய பெண்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சத்துணவு மையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்கச் சைக்கிளில்தான் போய்வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாளாவது கிளம்பிவிடுவேன். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

1. சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் முன் சாலையைத் தேர்ந்தெடுங்கள். திருச்சி ரோடு, தஞ்சாவூர் ரோடு, காரைக்குடி ரோடு மூன்றும் நமக்கானவை இல்லை. மணல் லாரி கடந்து போகிற காற்றே ஆளை ஓரத்துக்குத் தள்ளிவிடும். மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. ஆரஞ்சுக் கல் தெரிந்தால் அங்கே திரும்பிவிடுங்கள். பிரான்சில் கிராமப்புறம் சுற்றுகிற சைக்கிள்காரர்கள் மிஷ்லின் வரைபடத்தில் வெள்ளைக் கோடாக இருக்கும் சின்னச் சாலைகளைத் தேடிப் பிடித்துத்தான் ஓட்டுவார்களாம். நமக்கு அந்த வேலையை ஆரஞ்சுக் கல் செய்துவிடும். கண்மாய்க்கரையை ஒட்டியும், தைலமரக் காட்டுக்கு நடுவிலும், முந்திரித் தோப்பின் ஓரத்திலும் ஒரு பஸ் போகிற அகலத்துக்கு ஓடுகிற தார்ச்சாலைகள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு.

2. இருக்கிற சைக்கிள் போதும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிளிலேயே நாற்பது கிலோமீட்டர் போய்வரலாம். நம் ஊர் ஏற்றத்துக்குக் கியர் தேவைப்படாது. சீட் உயரம் மட்டும் சரியாக இருக்கட்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீட்டமாக நிற்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்று சொல்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

3. பழகும்போது முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். இருபதடி தள்ளிப் பாருங்கள். எங்கே பார்க்கிறீர்களோ சைக்கிள் அங்கேதான் போகும். வேலியைப் பார்த்தால் வேலிக்குள்தான்.

நாங்கள் பழகிய விதத்தையும் சொல்ல வேண்டும். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துப் பழகும் வகுப்போடு சைக்கிளும் பழகலாம் என்று சொன்னார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. கிடைத்தது பார் வைத்த ஆம்பளை சைக்கிள். அது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்கள் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருத்தி கேரியரைப் பிடிக்க இன்னொருத்தி ஏறுவாள். குரங்குப் பெடலில் தொடங்கியவர்களும் உண்டு. பிடித்திருந்தவள் எப்போது கையை விட்டாள் என்பது ஏறியவளுக்குத் தெரியாது. தெரிந்த உடனே விழுவோம். அந்த வருஷம் மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்குமேல் கொடி கட்டிய சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வந்த தன் நூலில் அதை எழுதினார். பிறகு அந்தக் கட்டுரை எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்திலும் வந்தது. நம் ஊர்ப் பெண்கள் சைக்கிள் விட்ட கதையை எங்கோ வடக்கே பிள்ளைகள் பாடமாகப் படித்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. அந்த ஊர்வலத்தை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்களுக்குப் பழகக் கிடைத்த இடம் ஆள் நடமாட்டம் குறைந்த ஊர்ச்சாலைதான். அந்த அமைதி இல்லையென்றால் பாதிப் பேருக்குத் தைரியம் வந்திருக்காது. நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

4. சின்னச் சாலை காலியான சாலை இல்லை. அது பக்கத்து வீட்டுக்காரர்களின் களம். இதை மறந்தவர்கள் இந்தச் சாலைகளில் ஓட்டக் கூடாது என்பேன்.

தை, மாசியில் போய்ப் பாருங்கள். பாதிச் சாலையில் நெல் காயும். உளுந்தும் எள்ளும் காயும். கொள்ளுச் செடியை வேரோடு பிடுங்கிக் குறுக்கே பரப்பியிருப்பார்கள், வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. பஸ்ஸும் டிராக்டரும் ஏறினால் அவர்களுக்கு நல்லது. சைக்கிள் ஏறினால் நமக்குக் கெடுதல். கொள்ளுக்கொடி செயினில் மாட்டி, ஃப்ரீவீலுக்குள் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். பெடல் சட்டென்று நின்றுவிடும். நான் ஒருமுறை அப்படி நின்று, அரை மணி நேரம் ஊக்கை வைத்து இழை இழையாகப் பிரித்து எடுத்தேன். செடிக்குச் சொந்தக்காரப் பாட்டிதான் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொடுத்தார்.

அதனால் தானியம் காய்கிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நெல்லைக் காலால் துழாவிவிடுகிற ஆச்சியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

இறங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பல ஊர்களில், இன்ன தெருவில் இன்ன சாதிக்காரர் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித்தான் நடக்க வேண்டும் என்று அடக்கி வைத்திருந்தார்கள். அந்த இறக்கம் அவமானம். எந்தத் தெருவிலும் யாரும் அதற்குப் பணிய வேண்டியதில்லை. அடுத்தவர் உழைப்பின் மேல் சக்கரம் ஏறக் கூடாது என்று நாமே இறங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச யாரையும் விடாதீர்கள்.

5. முள். இந்த மாவட்டத்தில் சைக்கிள் விடுகிறவர்கள் சீமைக் கருவேல முள்ளோடு வாழத்தான் வேண்டும். வேலிக்கு வெட்டிய முள்ளை மாட்டுவண்டியில் கொண்டுபோகும்போது சாலை நெடுக உதிரும். முதல் வருஷத்தில் ஒருநாள் பம்ப் இல்லாமல் கிளம்பி, ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் கைப்பம்ப், இரண்டு டயர் லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத்துண்டு எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு கேரியரில் கட்டாமல் வெளியே போனதில்லை.

பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டால் பக்கத்துக் கடையில் ஒருமுறை நின்று பாருங்கள். டியூபை உருவிக் கொஞ்சம் காற்றடித்து, கண்மாய்த் தண்ணீரிலோ வாய்க்காலிலோ அமுக்கி மெதுவாக இழுத்தால் குமிழி வரும் இடம் தெரியும். ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்புப் போய்க் காயும்வரை காத்திருங்கள். எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். ஒட்டி முடித்தாலும் வேலை முடியவில்லை. டயரின் உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒடிந்த முள்முனை உள்ளேயே இருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் அரை கிலோமீட்டரில் மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

6. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் வீடு திரும்பிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் எட்டு மணி வெயிலே போதும் போதும் என்றாகிவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது முதலில் மேற்கே போங்கள். அன்னவாசல், இலுப்பூர் பக்கம் போகும்போது எதிர்க்காற்றில் மிதித்துவிட்டால், களைத்துப்போய்த் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் பூந்தோட்டமும் நிறைந்த நிழலான சாலைகள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த நிழலில் எவ்வளவோ கொண்டுபோய்விட்டது. நட்ட கன்றுகள் தலை தூக்கி நிற்பதைப் பார்க்கவாவது ஒருமுறை போய் வாருங்கள்.

7. மினி பஸ் ஹாரன் கேட்டால் ஓரம் போங்கள். ஆனால் தாரிலிருந்து செம்மண் ஓரத்தில் இறங்கிய பிறகு, விளிம்பை ஒட்டியபடியே மறுபடி ஏற முயலாதீர்கள். சக்கரம் விளிம்பில் உரசிக் கவிழ்த்துவிடும். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் விலகிப் போய், சாய்வாகத் திரும்பி ஏறுங்கள்.

8. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பத்தடியில் அதற்குச் சலித்துவிடும்.

9. "எந்த ஊரு? யாரு வீட்டுக்கு?" என்று வழியில் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். கல்லூரிப் பெண்களுக்கு இது பிடிப்பதில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நின்று பதில் சொல்லுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியவரும். இரண்டாம் முறை போகும்போது தண்ணீர் கேட்கலாம். மூன்றாம் முறை மழை வந்தால் திண்ணையில் ஏறிக்கொள்ளலாம். தனியாகப் போகிற பெண்ணுக்குச் சாலையோரம் நாலு முகம் தெரிந்திருப்பது பெரிய பலம். முப்பது வருஷத்துக்குமேல் நான் தனியாகத்தான் போய்வருகிறேன்.

10. முதல் நீண்ட பயணத்துக்குச் சித்தன்னவாசல் போங்கள். புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். கண்மாய்களில் தண்ணீர் நிற்கிற மார்கழி, தையில் போனால் நல்லது. அவசரப்படாமல், வழியில் தண்ணீர் தெரிகிற இடத்திலெல்லாம் காலை ஊன்றி நின்று பாருங்கள். ஆம்பலும் தாமரையும் எங்கே இருக்கின்றன, மீன் எங்கே துள்ளுகிறது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சைக்கிளைப் பூட்டிவிட்டு, மலை ஏறி ஏழடிப்பட்டம் என்கிற குகையில் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகளைத் தொட்டுப் பாருங்கள். பதினேழு படுக்கைகள், ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. பிறகு அறிவர் கோயிலுக்குள் போய்க் கழுத்தை நிமிர்த்தி விதானத்தைப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஓவியம், நிறைய அழிந்துபோய்விட்டது. மிச்சமிருப்பதில் ஒரு குளம் தெரியும். தாமரை, இலை, மீன், யானை, பூப்பறிக்கிறவர்கள். காலையில் நீங்கள் கால் ஊன்றி நின்று பார்த்த அதே தண்ணீர்.