நர்ஸ் படிப்பில் ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி: என் மகள் திருப்பதியில் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிறாள். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, நோயாளியைக் கவனிப்பது, இவைதானே நர்ஸ் வேலை? இப்போது ஏதோ ஆராய்ச்சி செய்து அறிக்கை தர வேண்டுமாம். மருந்து கண்டுபிடிப்பது டாக்டர்களின் வேலை அல்லவா? இவளுக்கு இது எதற்கு?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: நல்ல கேள்வி, அம்மா. ஆராய்ச்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சோதனைக் குழாயும் புது மருந்தும்தான். முதலில் அந்த எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். கல்லூரி உங்கள் மகளிடம் கேட்பது அதுவல்ல. எந்த மருந்து, எந்த அறுவை சிகிச்சை என்பது மருத்துவரின் கேள்வி. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, டிரிப் போட்ட கை வீங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, வீட்டுக்குப் போகிறவருக்கு மாத்திரை வேளைகளை எப்படிச் சொன்னால் மனதில் நிற்கும் என்பவை செவிலியின் கேள்விகள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு ராப்பகலாகக் கட்டிலருகே இருப்பது செவிலியர்தான். இந்தக் கேள்விகளை அவர்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

‘அதெல்லாம் அனுபவத்தில் வந்துவிடாதா?’ என்று அடுத்து நினைப்பீர்கள். பாதி வரும். மீதிப் பாதியில் தவறான வழக்கங்களும் சேர்ந்து வரும். படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அசையாமல் கிடக்கும் உடம்பில் எலும்பு அழுத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகுவதுதான் படுக்கைப்புண். முதுகையும் இடுப்பையும் ஸ்பிரிட் தடவித் தேய்த்து, பவுடர் போட்டால் புண் வராது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தார்கள். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலி முதியோர் வார்டுகளில் முறையாகக் கணக்கெடுத்து, இன்னும் இருவருடன் சேர்ந்து 1962-இல் முடிவை வெளியிட்டார். புண்ணைத் தடுத்தது தடவிய பொருள் அல்ல, நேரம் தவறாமல் புரட்டிவிட்டதுதான் என்று அதில் தெரிந்தது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது கெடுதல் என்று இன்று பாடத்திலேயே சொல்கிறார்கள். யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பிட நார்ட்டன் ஓர் அளவுகோலும் தந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, 20-க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பல ஆண்டு அனுபவத்துக்குப் புலப்படாமல் இருந்த உண்மையை எண்ணிப் பார்த்ததுதான் காட்டிக்கொடுத்தது.

உங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் காசநோய் சானடோரியமாகத் தொடங்கிய மருத்துவமனையை அறிந்திருப்பீர்கள். 2022 வரை அது உங்கள் சித்தூர் மாவட்டம்தான். காசநோயாளி என்றால் வீட்டைவிட்டு அப்படி ஓர் இடத்துக்குப் போய், நல்ல காற்றும் ஓய்வும் சத்தான உணவும் பெற்றால்தான் பிழைப்பார் என்பது அக்காலத்து நம்பிக்கை. கட்டிலோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ மையம் இந்த நம்பிக்கையைச் சோதித்தது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதில் மனிதர் விருப்பம் கலக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆய்வில் இதைச் சமவாய்ப்புப் பிரிப்பு என்பார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி சொந்த வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். ஆண்டு முடிவில் நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அரைகுறைச் சாப்பாடும் நெருக்கடியும் உள்ள ஏழை வீடுகளில் இவ்வளவு கிடைத்தது உலகையே வியக்க வைத்தது. நோயாளியோடு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

ஆய்வை நடத்தியவர்கள் மருத்துவர்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நோயாளி மருந்தை உண்மையாகவே விழுங்கினாரா என்று தெரியாமல் அந்தச் சதவீதங்களுக்கு மதிப்பே கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணி, சிறுநீர் வாங்கிச் சோதனைக்கு அனுப்பிய களப்பணியாளர்கள் அதைத் தெரியப்படுத்தினார்கள். பராமரிப்பை அளந்து பார்க்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

செவிலியர் ஆய்வு கட்டிலோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை லிண்டா எய்கன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலி பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். ‘வார்டில் ஆள் போதவில்லை’ என்று எத்தனை சிஸ்டர்கள் எத்தனை காலமாகச் சொல்லியிருப்பார்கள்! கணக்கோடு சொன்னால்தான் நிர்வாகங்கள் காது கொடுக்கும். இந்த வழியைத் திறந்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் வீரர்களைக் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே அதிகம் கொன்றன என்று வரைபடமாகப் போட்டுக் காட்டியவர் அவர்.

உங்கள் மகள் கேள்வி தேடி வெகுதூரம் போக வேண்டாம். அலிப்பிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. பலரும் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. அப்படி ஏறியவர்களில் எத்தனை பேர் அன்றிரவே காலைப் பார்த்தார்கள்? இன்னொன்று: சித்தூர்ப் பக்கத்து வார்டுகளில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கும். டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு அவர் வீட்டில் பேசும் மொழியில் மாத்திரை வேளையைச் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னால், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்? இரண்டுக்குமே விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கல்லூரியின் நெறிமுறைக் குழு, அதாவது ஆய்வால் நோயாளிக்குத் தீங்கு வருமா என்று பார்த்து அனுமதி தரும் குழு, ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளியும் விவரம் புரிந்து சம்மதிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லுங்கள். போன ஆண்டு யாரோ எழுதிய அறிக்கையில் ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுப்பது சுலபம். அதனால் ஒரு நோயாளிக்கும் பயனில்லை. வார்டில் அவள் கண்ணில் பட்டு உறுத்திய ஒன்றையே கேள்வியாக எடுக்கட்டும். கிடைத்த முடிவை அந்த வார்டு சிஸ்டரிடமும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.