ஏரி, பந்தயத் திடல், பூங்கா: ஒரு நிலத்தை வைத்து ஒரு பாடம்

எட்டாம் வகுப்பில் ஆங்கிலேயர் ஆட்சியைப் பற்றி நடத்தும்போது, ஆண்டுகளும் ஆளுநர் பெயர்களும் மாணவர் மனத்தில் தங்குவதில்லை. ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கைக்கு மாறியது என்று கேட்டால் தங்குகிறது. உதகமண்டலத்தில் மூடப்பட்ட குதிரைப் பந்தயத் திடலை இப்படி இரண்டு பாடவேளைகளில் நடத்தினேன்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குக் குதிரைப் பந்தயம் தூரத்துச் சங்கதி. அதனால் பட்டிலிருந்து தொடங்கினேன். பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகளின் மேலாடைக்கு 'சில்க்ஸ்' என்றே பெயர். முன்பு அது பட்டில்தான் தைக்கப்பட்டது. எந்தக் குதிரை யாருடையது என்று தொலைவிலிருந்தே தெரிவதற்காக, 1762இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் உரிமையாளர்கள் தத்தமக்கு ஒரு நிறத்தைப் பதிந்துகொண்டார்கள். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று பார்த்து வளரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு கரும்பலகையில் வரைபடம். முதலில் தோடர்களின் மேய்ச்சல் நிலம். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822இல் அவர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கியதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே இரைச்சல். அடுத்து, மலை ஓடைகளைத் தடுத்து அவர் உருவாக்கிய ஏரி. அந்த ஏரி இன்று இருப்பதைவிடப் பெரியது. அது சுருங்கி வெளிப்பட்ட தரையில்தான் பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் வந்தன. சென்னை மாகாண அரசு கோடையில் மலையேறியது. பந்தயமும் கூடவே ஏறியது. கடைசியாக, சென்னை ரேஸ் கிளப்பிடம் குத்தகைக்கு இருந்த 52.34 ஏக்கரை 2024 ஜூனில் அரசு மீட்டது. பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்குச் சொன்னது. நிலம் தோட்டக்கலைத் துறைக்குப் போனது.

இரண்டாம் பாடவேளை குடிமையியல். பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் வருகின்றன. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடுக்க 1974இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டு, 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "அப்ப போன்ல ரம்மி ஆடுறதும் திறமைதானா சார்?" என்றான். தறிக்கு வாங்கிய முன்பணம் அதில்தான் போனதாக மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.

அவனை மேலே பேசவிடாமல் பேச்சைச் சட்டத்தின் பக்கம் திருப்பினேன். இந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும்: வீட்டில் யார் ஆடுகிறார்கள் என்று வகுப்பில் கேட்கக் கூடாது. அந்த மாணவனிடம் பிறகு தனியாகப் பேசினேன். கேள்விக்கு விடை உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியைத் திறமை விளையாட்டு என்றே சொன்னது. 2025இல் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. நீதிமன்றம் 'திறமையா?' என்று கேட்டது. சட்டமியற்றியவர்கள் 'குடும்பம் என்ன ஆகிறது?' என்று கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது எட்டாம் வகுப்புக்கு நன்றாகவே புரிகிறது. பாடநூலில் இதற்கு இன்னும் ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம்.

தொடர் செயல்பாடாக, அவரவர் தெருவுக்கு அருகில் உள்ள ஒரு பொது நிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தாத்தா பாட்டியிடம் கேட்டு, அது 50 ஆண்டுகளுக்கு முன் என்னவாக இருந்தது என்று வரைய வேண்டும். பலர் வேகவதி ஆற்றங்கரையை வரைந்து வந்தார்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தேன். புல எண் தெரிந்தால் போதும். கட்டடம் நிற்கும் ஓரிடம் பதிவேட்டில் 'குட்டை' என்று இருப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலரை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். கேள்விகளை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.