யவனர் வந்த கரையில் கிரேக்கம் வேர்விட்டதா?

கேள்வி: அலெக்சாண்டருக்குப் பின் பரவிய கிரேக்கப் பண்பாடு தமிழகத்தையும் எட்டியதா? நம் நெசவுத் துணிகள் யவனரிடம் சென்றனவா?
(வாசகர் ஒருவர், ஆரணி)

பதில்: கிரேக்க மொழியும் கலையும் அயல்நிலத்து மரபுகளோடு கலந்து வளர்ந்த நிலையை வரலாற்றாசிரியர்கள் ஹெலனியப் பண்பாடு என்பர். கி.மு. 326இல் அலெக்சாண்டரின் படை பஞ்சாபோடு திரும்பினாலும், வடமேற்கில் கிரேக்கர் குடியேறித் தங்கிவிட்டதால், அசோகரின் ஆணைகள் கந்தகாரில் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டன. தமிழகத்துக்கோ அப்பண்பாடு படையோடு வரவில்லை. பருவக்காற்றைத் துணைகொண்டு செங்கடலிலிருந்து புறப்பட்ட வணிகக் கப்பல்களோடு வந்தது.

துணிக்கான சான்று மிகத் தெளிவானது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்கத்தில் எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு, 'அர்கரு' என்ற ஊரின் பெயராலேயே வழங்கிய மெல்லிய துணிகளைக் குறிக்கிறது. அவ்வூரை உறையூர் என்றே ஆய்வாளர் பலர் கொள்வர். மேலைக்கரைத் துறைகளில் யவனர் வாங்கிய பட்டு சீனத்திலிருந்து வந்தது என்பதையும் அந்நூல் காட்டுவதால், அன்றைய தமிழ் நெசவாளரின் புகழ் பருத்தியில் விளைந்தது எனலாம். வியன்னாவில் காக்கப்படும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு, முசிறியிலிருந்து சென்ற 'ஹெர்மபொல்லோன்' கப்பலின் சரக்கைக் கிரேக்கத்திலேயே கணக்கிடுகிறது.

ஆயினும், அரிக்கமேட்டில் மது கொணர்ந்த சாடிகள் கிடைத்திருந்தாலும், யவனர் காவலராகவும் விளக்குச் செய்வோராகவும் சங்கப் பாடல்களில் இடம்பெற்றாலும், காந்தாரச் சிற்பத்தில் கண்டதுபோன்ற ஆழ்ந்த கலப்பு இங்கே நிகழவில்லை. கிரேக்க எழுத்தும் தெய்வங்களும் வேர்விடவில்லை. தமிழர் வெறுமனே வாங்கியவரும் அல்லர்: எகிப்தின் குசெய்ர் அல்-காதிம், பெரெனிகே துறைமுகங்களில் தமிழ்ப் பெயர்களைத் தமிழி எழுத்தில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன.