சுவருக்குள் ஒழுகும் தண்ணீர்

கேள்வி: வீட்டுச் சுவரில் ஈரம் பரவுகிறது. டைல்ஸை உடைக்காமல் கசிவைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முடியும். முதல் சோதனைக்கு ஒரு சாக்பீஸ் போதும்.

சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் காவிரித் தண்ணீரை முதலில் தரைத்தொட்டியில் பிடித்து, பிறகு மோட்டார் போட்டு மாடித்தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். ஆகவே இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித்தொட்டியின் நீர்மட்டத்தில் கோடு போடுவார் அனுபவமுள்ள பிளம்பர். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ, கீழிறங்கும் குழாயிலோ ஓட்டை. இறங்கவில்லையா? சந்தேகம் கழிவுக்குழாய், குளியலறைத் தரை பக்கம் திரும்பும். குளியலறை வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் தேக்கி, கீழே எங்கே நிறம் தெரிகிறது என்று பார்ப்பார்கள்.

அடுத்து கருவிகள். அழுத்தத்தோடு கசியும் நீர் சீறும். அதைத் தரையில் வைக்கும் மைக் பிடித்துக்கொள்ளும். இரும்புக் குழாயில் அந்த ஒலி தூரம் போகும், பிளாஸ்டிக் குழாயில் சீக்கிரமே அடங்கிவிடும். அப்போது குழாயைக் காலிசெய்து, 5 சதவீத ஹைட்ரஜனும் 95 சதவீத நைட்ரஜனும் கலந்த, தீப்பற்றாத வாயுவைச் செலுத்துவார்கள். லேசான ஹைட்ரஜன் டைல்ஸ் இடுக்கு வழியே மேலே வரும். மோப்பக் கருவி இடத்தைக் காட்டிவிடும்.

வெப்பக் கேமராவை மட்டும் நம்ப வேண்டாம். அது தண்ணீரைப் பார்ப்பதில்லை. ஈரம் உலரும்போது சுவர் குளிர்வதைத்தான் பார்க்கிறது. மழைநீர் இறங்கிய சுவரும் அதில் அப்படியே தெரியும். அந்தப் படத்தை மட்டும் காட்டி உடைக்கச் சொன்னால், குழாயில் அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.