செல்போன் காட்டும் இடம் சரிதானா? காமிராவும் வரைபடமும் கொண்டு திருத்தும் முறை

மழை வெள்ளம் வடிந்து இரண்டு நாளாகிறது. கதிர் வந்த நெற்பயிர் அழுகிக் கிடக்கிறது. விவசாயி ஒருவர் வரப்பில் நின்று செல்போனில் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தோடு இடக்குறிப்பும் பதிவாகிறது. அந்தக் குறிப்பை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், புள்ளி விழுவது பக்கத்துக்காரரின் சர்வே எண்ணில்! சேதமடைந்தது ஒருவர் வயல்; குறிப்பு காட்டுவது வேறொருவர் வயல். மனு கொடுத்தவர் விளக்கம் சொல்லி அலைய வேண்டியதுதான்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. செல்போன் காட்டும் இடம் எப்போதும் ஒரு மதிப்பீடுதான். அந்த மதிப்பீட்டைக் காமிராப் படத்தையும், முன்பே சேர்த்து வைத்த வரைபடத்தையும் கொண்டு திருத்த ஒரு முறை இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, நம் வயலில் அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

பிசகு எங்கே வருகிறது?

பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான கடிகாரம் உண்டு. அவை நேரத்தை ரேடியோ அலை மூலம் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று செல்போன் கணக்கிடுகிறது. குறைந்தது 4 கோள்களின் தூரம் தெரிந்தால், தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

ரேடியோ அலை ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எனவே நேரக்கணக்கு ஒரு வினாடியில் 10 கோடியில் ஒரு பங்கு தவறினாலும் தூரம் 3 மீட்டர் மாறிவிடும். அலை காற்று மண்டலத்தைக் கடக்கும்போது சற்றுத் தாமதமாகிறது. கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தால் அதிக தூரம் ஓடி வருகிறது. தென்னந்தோப்பின் அடர்ந்த மட்டைகள் அலையை மங்கச் செய்கின்றன. இதனால் திறந்த வெளியில் சாதாரண செல்போனின் பிசகு சுமார் 5 மீட்டர். தோப்பிலும் கட்டடங்களுக்கு இடையிலும் இன்னும் அதிகம்.

5 மீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். 40 மீட்டர் நீள வரப்பை 5 மீட்டர் தள்ளிப் போட்டால் 200 சதுர மீட்டர் கைமாறும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால், இது ஏறக்குறைய 5 சென்ட். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது பத்தில் ஒரு பங்கு நிலம்.

நில அளவர் செய்வது என்ன?

சர்வேயர் வந்தால் நேராக வயலின் மூலையில் நின்று அளக்கத் தொடங்குவதில்லை. முதலில் எப்.எம்.பி. என்னும் புலப்படத்தை விரித்து, அதில் குறித்துள்ள கற்களில் எது தரையில் இன்னும் அசையாமல் இருக்கிறது என்று தேடுகிறார். ஒரு கல் கிடைத்தால் போதாது. இன்னொரு கல்லையும் தேடி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறார். ஒத்துப்போன பிறகுதான், காணாமற் போன மூலையை அங்கிருந்து அளந்து காட்டுகிறார்.

தெரிந்த அடையாளத்தைக் கண்ணால் காண்பது, படத்தில் அது எங்கே என்று பார்ப்பது, அதிலிருந்து நம் இடத்தைக் கணிப்பது. காமிராவும் இதே மூன்று வேலையைத்தான் செய்கிறது.

காமிரா திருத்தும் விதம்

1. முதலில் ஜி.பி.எஸ். ஒரு தோராயமான இடத்தைச் சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு, சேமித்த வரைபடத்தில் எந்தப் பகுதியைத் தேட வேண்டும் என்று கருவி முடிவு செய்கிறது. பெரிய கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரிந்துகொள்வது போன்றது இது.

2. காமிரா எதிரே உள்ள காட்சியைப் படம் எடுக்கிறது. படத்தில் கட்டட மூலை, ஜன்னல் விளிம்பு, கூரையின் முனை போன்ற தெளிவான புள்ளிகளைக் கருவி பொறுக்கி எடுக்கிறது.

3. அந்தப் புள்ளிகளை, முன்பே எடுத்துச் சேமித்த படங்களின் புள்ளிகளோடு பொருத்திப் பார்க்கிறது. சேமித்த ஒவ்வொரு புள்ளியும் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருக்கும்.

4. பொருந்திய புள்ளிகள் எந்தத் திசையில் தெரிகின்றன என்பதிலிருந்து காமிரா நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. கோவில் கோபுரம் நேர் வடக்கிலும் தண்ணீர்த் தொட்டி நேர் கிழக்கிலும் தெரிந்தால், வரைபடத்தில் அந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில்தானே நாம் நிற்க முடியும்? மூன்றாவது அடையாளம் அதைச் சரிபார்க்க உதவும்.

5. காமிரா சொல்லும் இடத்தையும் ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தையும் ஒப்பிட்டு, எது அதிக நம்பகமோ அதற்கு அதிக மதிப்புக் கொடுத்துப் புள்ளியை நகர்த்துகிறது. நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் இதில் திருத்தமாகிறது. செல்போனிலுள்ள திசைகாட்டி, மோட்டார், இரும்புக் கம்பி அருகில் தடுமாறக்கூடியது. காமிராவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நிலவில் உதவிய முறை

நிலவில் ஜி.பி.எஸ். கிடையாது. இந்தியாவின் சந்திரயான்-3 கலம் 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்கியது. அதன் இறங்கு கலத்தில், இருக்கும் இடத்தை அறிவதற்கென்றே ஒரு காமிரா இருந்தது. அது எடுத்த படங்களை, கலத்தில் சேமித்திருந்த நிலவு வரைபடத்தோடு ஒப்பிட்டு அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணிக்கும் வகையில் அமைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியபோதும் இப்படித்தான். பாராசூட்டில் தொங்கி இறங்கும்போதே கீழே படம் எடுத்து, சேமித்த வரைபடத்தோடு பொருத்தித் தன் இடத்தைத் தெரிந்துகொண்டது. பள்ளமும் பாறையும் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கியது. அவ்வளவு தொலைவில் உள்ள கலத்துக்கு இங்கிருந்து உடனுக்குடன் வழி சொல்ல முடியாது. அடையாளம் பார்த்து அதுவே வழி கண்டது.

நகரத்தில் உண்டு, வயலில் இல்லையே!

கூகுள் வரைபடம் 2019-ல் நடந்து செல்வோருக்கு இந்த வசதியைக் கொடுக்கத் தொடங்கியது. தெருவை நோக்கிக் காமிராவைப் பிடித்தால், தெருக்களில் முன்பே எடுத்து வைத்த படங்களோடு ஒப்பிட்டு இடத்தைத் திருத்திக் காட்டும். இத்தகைய தெருப் படச் சேவை இந்தியாவில் 2022-ல் சென்னை உட்பட 10 நகரங்களில் தொடங்கியது.

வயலில் இது எளிதாக நடக்காததற்குக் காரணங்கள் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வயலின் படம் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்திருந்தாலும், நாற்று நட்டபோது இருந்த காட்சி அறுவடையில் இருப்பதில்லை. ஒரு நெல் வயலும் அடுத்த நெல் வயலும் காமிராவுக்கு ஒன்று போலவே தோன்றும். இருட்டிலும் கொட்டும் மழையிலும் படம் தெளிவாக விழாது. வரைபடம் பழையதாகி, அதிலுள்ள மரத்தை வெட்டியிருந்தால் குழப்பம் இன்னும் அதிகமாகும். ஆகவே அடையாளம் என்பது நிலையானதாகவும், மற்றவற்றிலிருந்து வேறுபட்டதாகவும் இருக்க வேண்டும்.

கருவி செய்யாவிட்டால் என்ன? அதே வேலையை நம் கண்ணால் செய்யலாம்.

நாமே திருத்தும் முறை

1. செல்போன் வரைபடத்தில் செயற்கைக் கோள் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் வயலில் கிணறு, மோட்டார் கொட்டகை, களம், சிறு பாலம் போன்ற இரண்டு மூன்று நிலையான அடையாளங்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

2. திறந்த வெளியிலுள்ள ஓர் அடையாளத்தின் மூலையில், இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரிந்தால், அதுவே பிசகின் எல்லை. வட்டம் பெரிதாக இருந்தால் அது சுருங்கும் வரை காத்திருங்கள்.

3. நீங்கள் நிற்பது கிணற்று மூலை. புள்ளி அதற்கு எவ்வளவு தள்ளி விழுகிறது என்று வரைபடத்தின் தூரம் அளக்கும் வசதியால் பாருங்கள். உதாரணமாக, 6 மீட்டர் கிழக்கே விழுந்தால், அப்போதைய வித்தியாசம் கிழக்கே 6 மீட்டர்.

4. உடனே வயலின் மூலைக்குப் போங்கள். அங்கே புள்ளி காட்டும் இடத்திலிருந்து 6 மீட்டர் மேற்கே தள்ளிக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. மறுபடி கிணற்று மூலைக்கு வந்து பாருங்கள். வித்தியாசம் 2 மீட்டருக்கு மேல் மாறியிருந்தால் அந்தச் சுற்றை ஒதுக்கிவிட்டு மீண்டும் செய்யுங்கள். கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், காலையில் கண்ட வித்தியாசம் மாலைக்கு உதவாது. வெட்டவெளியில் கண்டது தோப்புக்குள்ளும் உதவாது.

படம் எடுக்கும்போது

பயிர்ச் சேதம், பயிர்ப் பதிவு இவற்றுக்குப் படம் எடுப்பவர்கள் பயிரை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அழுகிய பயிர் எந்த வயலிலும் ஒன்று போலவே இருக்கும். எனவே மூன்று படங்கள் எடுத்து வையுங்கள்.

முதல் படம் பயிரின் அருகாமைப் படம். இரண்டாவது, அதே பயிரும் பின்னால் கிணறோ, எண் எழுதிய மின் கம்பமோ, பனைமரமோ சேர்ந்து தெரியும் படம். மூன்றாவது, எல்லைக் கல் இருந்தால் அதன் படம்; சுற்றியுள்ள வயலும் அதில் சற்றுத் தெரியட்டும். லென்சை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு எடுங்கள். இடக்குறிப்பு சில மீட்டர் தவறியிருந்தாலும், இரண்டாவது படத்தைச் செயற்கைக் கோள் படத்தோடு ஒப்பிட்டு, இது இன்னாருடைய வயல்தான் என்று எடுத்துக்காட்ட முடியும். தண்ணீர் நிற்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. படங்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

கவனிக்க வேண்டியவை

செயற்கைக் கோள் படமும் முற்றும் சரியென்று கொள்ளக்கூடாது. அந்தப் படமே தரையிலிருந்து சில மீட்டர் விலகிப் பதிந்திருக்கலாம். மேலே சொன்ன முறை, உங்கள் புள்ளியைப் படத்தோடு பொருத்தும். படத்தின் பிசகைத் திருத்தாது. எந்த வயல் என்று காட்ட இது போதும். எது வரப்பு என்று தீர்க்க இது போதாது.

ஆகவே செல்போனைக் காட்டி, அண்டை வயல்காரரிடம் வரப்புச் சண்டைக்குப் போகாதீர்கள். அதைப் பார்த்து எல்லைக் கல்லைப் பிடுங்கி நடவும் வேண்டாம். அசையாமல் இருக்கும் அந்தக் கல்தான், நாளை சர்வேயர் வரும்போது உங்கள் பக்கம் பேசும் சாட்சி. சந்தேகம் இருந்தால் பட்டா, புலப்பட நகலுடன் நில அளவைக்கு மனு கொடுத்து, இருவரும் உடனிருந்து அளந்துகொள்வதே முறை.

அடுத்த மழைக்கு முன் ஒரு நாள் காலையில் வயலைச் சுற்றி வாருங்கள். எல்லைக் கல்லை மறைத்திருக்கும் புதரை வெட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் அடையாளங்களைப் படம் எடுத்து வையுங்கள். வெள்ளம் வந்து வரப்பு மறைந்த நாளில், ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு படமாவது இருக்கும்.