நாலும் ‘அசல் உடன்குடி’, நாலும் நாலு ருசி

கேள்வி: எனக்கு பெங்களூரில் வேலை. இந்திராநகர் டாய்ட் மாதிரி, கடையிலேயே பீர் காய்ச்சி ஊற்றும் இடங்களுக்கு நண்பர்களோடு போவதும், குடித்ததைப் பற்றிக் குறிப்பெழுதுவதும் பழக்கம். நிறம், நுரை, வாசம், கசப்பு, கடைசியில் நாக்கில் நிற்பது என்று எல்லாம் எழுதுவோம். லீவுக்கு ஊருக்கு வந்தபோது நாலு கடையில் கருப்பட்டி வாங்கினேன். நாலு கடைக்காரரும் ‘அசல் உடன்குடி’ என்றார்கள். ஒன்று கரிக்கட்டை மாதிரி இருக்கிறது, ஒன்று வெளிறிக் கிடக்கிறது, ருசியும் ஒன்றுபோல் இல்லை. பீரைப் போல இதையும் ருசித்து மதிப்பிடலாமா? எது அசல் என்று நாக்கு சொல்லிவிடுமா? நண்பர்களுக்குப் பதநீரும் கொண்டுபோக ஆசை.
— வாசகர், மெஞ்ஞானபுரம்

பதில்: தாராளமாக மதிப்பிடலாம் தம்பி. ஆனால் நல்ல கருப்பட்டியா என்பது ஒரு கேள்வி, சீனி கலந்ததா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நாக்கு போதும். இரண்டாவதற்குப் போதாது.

தண்ணீரில் கரைத்துப் பார், உடைத்துப் பார், மினுக்கம் தெரிகிறதா பார் என்று ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். எதையும் முழுசாக நம்ப முடியாது. பனையின் இனிப்பிலும் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியும் சுக்ரோஸ். கொஞ்சமாகக் கலந்திருந்தால் பழுத்த வியாபாரியே ஏமாந்துபோவார். ஆய்வகத்தில் வழி இருக்கிறது. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை வேறு என்பதால், அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 அளவு வேறுபடும். தேனில் கலந்த கரும்புச் சர்க்கரையையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வீட்டில் அது நடக்காது. ஆனால் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அதற்கு ஒருவர் மரமேற வேண்டும், இன்னொருவர் அடுப்படியில் வேக வேண்டும். விலை சீனி விலையை ஒட்டி நின்றால், வாயில் போட்டுப் பார்க்கவே தேவையில்லை.

இனி ருசிக்கு வருவோம். நீங்கள் குடிக்கும் கோதுமை பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். உள்ளே பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. கருப்பட்டியிலும் ஒவ்வொரு வாசத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆனால் இங்கே கதை தலைகீழ். பீர்க்காரருக்கு ஈஸ்ட் கூட்டாளி, பனையேறிக்கு எதிராளி. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, சாறு புளித்துக் கள்ளாகிவிடாமல் தடுக்கத்தான். 1987-இல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட பிறகு, அந்தச் சுண்ணாம்பு ருசிக்கு மட்டுமில்லை, போலீசுக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கருப்பட்டியின் பாதி ருசி இந்தச் சுண்ணாம்பிலேயே முடிவாகிவிடுகிறது. குறைந்தால் பதநீர் லேசாகப் புளிக்கும். புளித்த பதநீரைக் காய்ச்சும்போது சுக்ரோஸ் உடைந்துபோகும், பாகு சரியாக இறுகாது. அந்தக் கருப்பட்டி இனிப்புக்கு அடியில் ஒரு புளிப்பைக் காட்டும், மழைக்காலத்தில் மற்றதற்கு முந்திக் கசியும். சுண்ணாம்பு கூடினால் நாக்கில் மாவு படிந்த மாதிரி ஒரு வறட்சி, கூடவே மெல்லிய கசப்பு. நிறமும் கறுத்துவிடும். ‘கறுப்பாக இருந்தால் சுத்தம்’ என்று நம்மூரில் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சுண்ணாம்பு கூடியும் கறுக்கும், அடிப்பிடித்தும் கறுக்கும். அடிப்பிடித்ததன் கசப்பு தொண்டைக்கு அருகில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுண்ணாம்பின் கசப்பு நுனிநாக்கிலேயே தெரியும். வெளிறியது எல்லாம் சீனி என்பதும் சரியில்லை. சுண்ணாம்பைத் தெளிய வைத்து இறுத்து, தீயை நிதானமாக எரித்தவர் கருப்பட்டியும் நிறம் குறைந்துதான் வரும்.

பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் ஒரு காலையாவது உட்கார்ந்து பாருங்கள். தேரி மணற்காட்டுப் பக்கம் உடைமுள்ளும் காய்ந்த மட்டையும்தான் விறகு, அந்தப் புகை பாகில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். அந்த எண்ணெய்ப் பசைக்கு நுரை அடங்கும். பாகு கம்பி விட்டு, கிண்டக் கிண்டக் கனத்து வரும் நேரத்தில் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். இறக்குவது சற்றே பிந்தினாலும் கருகல்வாடை வந்துவிடும். அந்த நேரம் காய்ச்சுபவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

ருசிக்கும் முறை இதுதான். நாலு கருப்பட்டிக்கும் வேறொருவரை எண் போடச் சொல்லுங்கள். எது எந்தக் கடையுடையது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. குழவியால் உடைத்து, உடைந்த முகத்தை உடனே முகருங்கள். பிறகு கடலைப் பருப்பளவு துண்டு, கடிக்காமல் நாக்கில் கரையட்டும். முதலில் இனிப்பு, அடுத்து மெல்லிய உப்புக்கரிப்பு, கடைசியில் புகையோ கசப்போ. நடுவில் பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அதன்பின் ஒவ்வொன்றிலும் 10 கிராம் எடுத்து 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து வைத்தால், அடியில் என்ன தங்குகிறது என்பதும் தெரியும். காபியில் போட்டு ருசிபார்க்க வேண்டாம், காபி எல்லாவற்றையும் மறைத்துவிடும். சுக்கு, மிளகு போட்டதை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது.

குறிப்பில் வறுத்த எள், பேரீச்சை, கருகிய பால் என்று மனசில் பட்டதை எழுதுங்கள். அதைவிட முக்கியம் யார் காய்ச்சியது, எந்த மாதம் என்பது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல காரியம். ஆனால் அது ஊர்ப்பெயரைத்தான் காக்கும். பங்குனியில் காய்ச்சியதும் ஆடியில் காய்ச்சியதும் ஒரே விடிலியிலேயே வேறுபடும். அப்புறம் கடைக்காரர் பல விடிலிச் சரக்கை ஒரே கடகத்தில் கொட்டிவிட்டால், நீங்கள் யாருக்கு மார்க் போடுகிறீர்கள்? பீர் ஒரு தடவை சொதப்பினால் கம்பெனி கீழே கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சும். இங்கே ஒரு நாள் காய்ச்சல் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலி. அதனால் சுண்ணாம்பு தூக்கலாக இருந்தால் ஊருக்கு எழுதுமுன் அவரிடமே சொல்லுங்கள், அடுத்த மாதச் சரக்கையும் வாங்கிப் பாருங்கள்.

பதநீரைப் பெங்களூருக்குக் கொண்டுபோகும் ஆசையை விட்டுவிடுங்கள். மைசூர் எக்ஸ்பிரஸ் ரயிலில் சாயங்காலம் ஏறினால் விடிவதற்குள் அது கள்ளாகிக்கொண்டிருக்கும். மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கும், தளர்த்தினால் பெட்டியே மணக்கும். பதநீரைக் காலையில் மரத்தடியில், பட்டை பிடித்து, நுங்கு போட்டுக் குடிக்க வேண்டும். நண்பர்களை இங்கே கூட்டி வாருங்கள். கையில் கொடுத்தனுப்ப ஏதாவது வேண்டுமென்றால் கூப்பனி வாங்குங்கள். பதநீர் கருப்பட்டியாக இறுகுமுன் இறக்கிய பாகு அது, தேன் பதத்தில் இருக்கும். கடையில் எளிதில் அகப்படாது. விடிலியில் முந்தின நாளே சொல்லி, ஈரமில்லாத பாட்டிலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.