மனித உரிமையா, பொருளாதார நலனா? வெளிநாட்டுக் கொள்கையின் இரு தட்டுகள்

க.பொ.த. (சாதாரண தரம்) - வரலாறு, குடியுரிமைக் கல்வி



வெளிநாட்டுக் கொள்கை பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும் பலர் ஒப்பந்தங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடுகின்றனர். ஓர் அரசு ஏன் அவ்வாறு தீர்மானித்தது, அத்தீர்மானத்தின் சுமையை யார் சுமந்தனர் என்பதையும் விளக்கும்போதே விடை முழுமை பெறுகின்றது. மலையகத்தில் வாழும் உங்களுக்கு இது தூரத்து விடயம் அன்று. உங்கள் பாட்டன், பாட்டியின் குடியுரிமையும், உங்கள் தோட்டத்துத் தேயிலையின் விலையும், ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்ற அக்காவின் சம்பளமும் இதனோடு தொடர்புபட்டவையாகும்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

வெளிநாட்டுக் கொள்கை: ஒரு நாடு தனது பாதுகாப்பு, பொருளாதாரம், கௌரவம் ஆகிய நலன்களைப் பேணும் பொருட்டு ஏனைய நாடுகளுடனும் சர்வதேச அமைப்புகளுடனும் கொள்ளும் உறவின் நெறியாகும்.

மனித உரிமைகள்: மனிதர் என்ற வகையில் அனைவருக்கும் உரித்தானவை. 1948 டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் இவற்றை எடுத்துக் கூறுகின்றது. அதன் 15ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் தேசிய இனத்துவத்திற்கு, அதாவது குடியுரிமைக்கு, உரிமை உண்டு என்கிறது.

பொருளாதாரத் தங்கியிருத்தல்: ஒரு நாடு தனது ஏற்றுமதிச் சந்தை, எரிபொருள், உணவு, கடன், உதவி ஆகியவற்றுக்காக வேறொரு நாட்டை அல்லது சில நாடுகளை மட்டும் நம்பியிருக்கும் நிலையாகும்.

இவ்விரண்டும் எப்போதும் மோதுவதில்லை. ஆனால் உரிமை மீறல் நிகழும் நாட்டுடன் வர்த்தக நலனும் இருக்கும்போது அரசு ஒன்று ஒரு தட்டை உயர்த்தினால் மறுதட்டு தாழ்கின்றது. அப்போது அரசுகள் பொதுவாகப் பின்வரும் வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்கின்றன.

அ) வெளிப்படையாகக் கண்டித்தல்
ஆ) திரைமறைவில் பேசுதல்
இ) உதவியையோ வரிச்சலுகையையோ நிபந்தனையுடன் வழங்குதல்
ஈ) தடை விதித்தல்
உ) வாக்களிக்காமல் நடுநிலை வகித்தல்
ஊ) பேசாதிருத்தல்

2. முன்னோடி உதாரணம்: இறப்பர் - அரிசி ஒப்பந்தம், 1952

கொரிய யுத்தக் காலத்தில் உலகில் அரிசித் தட்டுப்பாடு நிலவியது. அரிசிக்குப் பிற நாடுகளில் தங்கியிருந்த இலங்கை, டட்லி சேனாநாயக்க பிரதமராக இருந்தபோது, வர்த்தக அமைச்சர் ஆர்.ஜீ. சேனாநாயக்கவின் முயற்சியினால் 1952 டிசம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. ஆண்டுக்கு 270,000 மெற்றிக் தொன் அரிசிக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பர் என்பதே இணக்கமாகும். சீனாவுக்கு இறப்பர் விற்கும் நாடுகளுக்கு உதவி வழங்குவதை அமெரிக்கச் சட்டம் தடுத்தமையால் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. அது 1956இலேயே மீண்டும் கிடைத்தது.

இங்கு அமெரிக்கா முன்வைத்தது பாதுகாப்புக் காரணமாகும். மனித உரிமைக் காரணம் அன்று. ஆயினும் இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம். ஒரு வாசல் மட்டுமே உள்ள வீட்டுக்காரன் அந்த வாசற்காரனுக்குப் பணிய வேண்டும். இரண்டாவது வாசலைத் திறந்தவன் பேரம் பேசலாம்.

3. மலையகத்தின் உதாரணம்: 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம்

பின்னணி

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பெருந்தோட்ட மக்களுள் பெரும்பாலோர் அதனால் பிரஜாவுரிமை பெற முடியாதவராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வாய்ப்பளிக்கப்பட்டபோதும் அதன் நிபந்தனைகள் கடுமையானவை. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் இல்லாமற் செய்தது. குடியுரிமை மனித உரிமை என உலகம் பிரகடனம் செய்த அதே ஆண்டில் இலங்கையில் ஒரு சமூகம் நாடற்றதாகியது என்பதைக் கவனிக்க.

அக்காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் அரைவாசிக்கு மேல் தேயிலையிலிருந்தே கிடைத்தது. அதாவது நாட்டின் அரிசியும் மருந்தும் எரிபொருளும் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பில் தங்கியிருந்தன. ஆயினும் அத்தங்கியிருத்தல் அவர்களது உரிமைக்குப் பாதுகாப்பாக அமையவில்லை. பிறர் நம்மில் தங்கியிருப்பது மட்டும் நமக்குப் பலமாகாது. அதனைப் பேரம் பேசும் சக்தியாக மாற்ற வாக்கும் அமைப்பும் தேவை. வாக்கு பறிக்கப்பட்டிருந்தமையால் அச்சக்தி பெரிதும் குன்றியிருந்தது.

ஒப்பந்தம்

1954இல் கைச்சாத்திடப்பட்ட நேரு - கொத்தலாவல ஒப்பந்தம் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதிய ஒப்பந்தம் செய்தனர்.

நாடற்றோர் மொத்தம்: 975,000
இந்தியா ஏற்பது: 525,000
இலங்கை ஏற்பது: 300,000
பின்னர் தீர்மானிப்பது: 150,000

எஞ்சிய 150,000 பேரும் 1974ஆம் ஆண்டு சிறிமா - இந்திரா ஒப்பந்தத்தினால் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

இந்தியா ஏன் இணங்கியது?

வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளியினர் அந்தந்த நாட்டுக் குடிமக்களாகவே ஏற்கப்பட வேண்டும் என்பது நேருவின் நிலைப்பாடாக இருந்தது. ஆனால் 1962ஆம் ஆண்டுச் சீன யுத்தத்தின் பின் அயல் நாடுகளுடன் நல்லுறவு இந்தியாவுக்கு மிக அவசியமாயிற்று. அந்த யுத்தம் தொடர்பாகச் சமரசம் செய்ய அணிசேரா நாடுகள் ஆறின் மாநாட்டை 1962 டிசம்பரில் கொழும்பில் கூட்டியவரும் சிறிமாவோ அம்மையாரே. எனவே இங்கு தராசின் மறுதட்டில் இருந்தது வர்த்தகத்தைவிடப் பாதுகாப்பு நலனே எனலாம்.

விளைவுகள்

- பாதிக்கப்பட்ட மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் எஸ். தொண்டமான் ஒப்பந்தத்தை எதிர்த்தார்.
- மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதம் 'ஒப்பாரிக் கோச்சி' எனப்பட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்தனர்.
- தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. பலர் அங்கும் கொழுந்தே பறித்தனர்.
- 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றமையால் அனுப்பிவைத்தலும் தடைப்பட்டது.

உரிமை மீண்ட வழி

1977ஆம் ஆண்டுத் தேர்தலில் தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவாகி, 1978இல் அமைச்சரவையில் இணைந்தார். 1986 ஜனவரியில் தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்திப் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தினர். அதே ஆண்டில் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறின. இரு அரசுகளின் ஒப்பந்தம் தீர்க்காததை, மக்களின் அமைப்பும் வாக்கும் உழைப்பின் பேரம்பேசும் சக்தியும் சேர்ந்து தீர்த்தன.

4. இக்கால உதாரணம்: ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை

முன்னைய உதாரணத்தில் உரிமை பின்தள்ளப்பட்டது. இங்கோ பொருளாதாரத் தங்கியிருத்தலே உரிமைக்கான கருவியாகப் பயன்படுத்தப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்தும் வளர்முக நாடுகளுக்கு இச்சலுகையை வழங்குகின்றது. பொதுவாக ஆடைகளுக்கு 12 சதவீதத் தீர்வை விதிக்கப்படும். சாதாரண ஜீ.எஸ்.பி. சலுகையில் அது 9.6 சதவீதமாகும். பிளஸ் சலுகையில் தீர்வை இல்லை. ஆகவே 100 யூரோ பெறுமதியான ஆடைக்கு 9.60 யூரோ வேறுபாடு ஏற்படுகின்றது. போட்டி மிகுந்த சந்தையில் கட்டளை கிடைப்பதையும் கைநழுவுவதையும் இது தீர்மானிக்கலாம்.

கால ஒழுங்கு

2005 - இலங்கைக்குச் சலுகை கிடைத்தது.
2008 - ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணையை ஆரம்பித்தது.
2010 ஓகஸ்ட் - சலுகை இடைநிறுத்தப்பட்டது. குடியியல், அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரான சமவாயம், சிறுவர் உரிமைகள் ஆகியன தொடர்பான குறைபாடுகளே காரணம். ஒன்றியம் முன்வைத்த நிபந்தனைகளை அரசு இறைமையில் தலையிடுவதாகக் கூறி நிராகரித்தது.
2017 மே - ஆட்சி மாற்றத்தின் பின் செய்யப்பட்ட விண்ணப்பத்தின் பேரில் மீண்டும் கிடைத்தது.

ஆதரவான வாதம்: கண்டன அறிக்கையை அரசுகள் அலட்சியம் செய்யலாம், சந்தை இழப்பை அவ்வாறு செய்வது கடினம். மேலும் இது தண்டனை அன்று; நிபந்தனையுடன் தரப்பட்ட சலுகையை மீளப் பெறுதலாகும்.

எதிரான வாதம்: உரிமையை மீறியவர் ஒருவர், தொழிலை இழக்கக்கூடியவர் வேறொருவர். மலையகத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் சென்று தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் எந்த உரிமையையும் மீறவில்லை.

தேயிலையின் நிலை வேறு. கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாகவே தீர்வை விதிப்பதில்லை. அத்துடன் நமது தேயிலையின் முக்கிய சந்தைகளுள் ரஷ்யா, ஈராக், ஈரான், துருக்கி ஆகியனவும் அடங்கும். இந்நாடுகள்மீது பிறர் விதிக்கும் தடைகள் கொழும்பு ஏலத்தில் விலையைப் பாதிக்கலாம். ஈரானுக்குச் செலுத்த வேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை மூலம் தீர்ப்பதற்கு 2021 டிசம்பரில் இணக்கம் காணப்பட்டமை இதற்கு உதாரணமாகும்.

5. வாக்கெடுப்பில் இரு தட்டுகள்

ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2012ஆம் ஆண்டு இலங்கை தொடர்பான தீர்மானம் 24க்கு 15 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எட்டு நாடுகள் வாக்களிக்கவில்லை. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2022ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்கு 20 நாடுகள் ஆதரவளித்தன. 7 நாடுகள் எதிர்த்தன. 20 நாடுகள் நடுநிலை வகித்தன. இம்முறை இந்தியா நடுநிலை வகித்தது. அதே ஆண்டில் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்த இலங்கைக்கு ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் பெறுமதியான உதவியை வழங்கிய நாடும் இந்தியாவே. தமிழ்நாட்டு மக்களின் உணர்வு, பிராந்தியத்தில் சீனாவின் செல்வாக்கு, அயல் நாட்டுடனான உறவு எனப் பல காரணிகளை ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டியிருப்பதை இது காட்டுகின்றது. ஒரு வாக்குக்கு ஒரே காரணத்தை எழுதிவிடாதீர்கள்.

6. எவ்வாறு மதிப்பிடுவது?

ஒரு தீர்மானம் சரியா, பிழையா என எழுதுமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள்.

(1) யாருடைய உரிமை? எந்த உரிமை?
(2) யார் யாரில் தங்கியிருக்கின்றனர்? மாற்றுச் சந்தை உண்டா?
(3) சுமையை யார் சுமக்கின்றனர்? மீறியவரா, பாதிக்கப்பட்டவரா?
(4) பாதிக்கப்பட்டவரின் கருத்து கேட்கப்பட்டதா?

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் நான்காவது வினாவில் தோல்வியடைகின்றது. 2010ஆம் ஆண்டுத் தீர்மானம் மூன்றாவது வினாவில் சங்கடத்துக்குள்ளாகின்றது.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: "பொருளாதாரத்தில் பிறரில் தங்கியிருக்கும் நாட்டினால் மனித உரிமை பற்றிச் சுதந்திரமாகப் பேச முடியாது." இக்கூற்றை உதாரணங்களுடன் ஆராய்க.

விடை: இக்கூற்று ஓரளவுக்கே உண்மையானது. சந்தைக்கும் கடனுக்கும் ஒரு நாட்டை மட்டும் நம்பியிருப்பின் அந்நாட்டைக் கண்டிப்பது கடினமாகும். எனினும் 1952இல் இலங்கை அமெரிக்க உதவியை இழக்க நேரிட்டபோதும் சீனாவுடன் வர்த்தகம் செய்தது. எனவே தங்கியிருத்தல் தெரிவுகளைக் குறைக்கின்றதே தவிர, முற்றாக அழிப்பதில்லை. மறுபுறம், தங்கியிருத்தல் உரிமைகளை முன்னேற்றவும் உதவலாம் என்பதற்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் உதாரணமாகும். ஆனால் அதன் சுமை தொழிலாளர் மீது விழக்கூடும். இன்னொரு விடயம், உரிமைகள் பின்தள்ளப்படுவதற்குப் பொருளாதாரம் மட்டும் காரணமன்று. 1964இல் இந்தியாவின் பாதுகாப்பு நலனே மேலோங்கியது. ஆகவே சந்தைகளைப் பரவலாக்கும் நாடும், தன் குடிமக்களின் உரிமைகளை உள்நாட்டிலேயே மதிக்கும் நாடுமே வெளியில் துணிவுடன் பேச முடியும்.

நினைவிற் கொள்க

- பிரஜாவுரிமைச் சட்டம் 1948. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964. சிறிமா - இந்திரா ஒப்பந்தம் 1974.
- 525,000 + 300,000 + 150,000 = 975,000.
- ஜீ.எஸ்.பி. பிளஸ்: கிடைத்தது 2005, நின்றது 2010, மீண்டது 2017.

பயிற்சி

உங்கள் தோட்டத்தில் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்கள் பற்றி மூத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. எண்களாக மட்டும் கற்ற 525,000 பேரும் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் வாழ்ந்தவர்கள் என்பது அப்போது உங்களுக்கு விளங்கும்.